ஆணியில் தொங்கிய நடிகர்

ஏழு வருஷம் ஒரே சீரியலில் நடித்து, ஒரே ஒரு நாள் தவிர ஒரு வசனம் பேசாமல், ஒரு தடவைகூடக் கண் சிமிட்டாமல், ஷூட்டிங் பக்கமே தலைகாட்டாமல் பேர் வாங்கிய நடிகர் தென்னிந்தியாவில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மாரிகுப்பத்தில், எங்கள் லைன் வீடுகளில், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் ரயிலேறி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. தங்கவயல் பூராவும் அவர் ‘ஆணி அண்ணா’தான். ஏனென்றால் அவர் ஏற்ற அத்தனை வேஷமும் ஆணியில் மாட்டிய வேஷம். கதாநாயகியின் செத்துப்போன அப்பாவாக, கூடத்துச் சுவரில், கழுத்தில் சந்தன மாலையும் தலைக்கு மேலே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்புமாக ஒருவர் சட்டத்துக்குள் தொங்குவாரே, அவர்தான் எங்கள் அண்ணன்.

எங்களுக்கெல்லாம் சோறு போட்ட தங்கச் சுரங்கத்தை மூடியபோது ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் ஒரு கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். அது சீரியல்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற பங்களாவின் கேட். ஒரு நாள் உள்ளே ஒரே ரகளை. கதாநாயகி அப்பாவின் போட்டோவைப் பார்த்து அழ வேண்டும். மாலை வந்துவிட்டது, பல்பு வந்துவிட்டது, அப்பாவைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அசிஸ்டென்ட் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கேட்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அகலமான நெற்றி, முறுக்காத அடர்ந்த மீசை, போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆனவர் போல முகத்தில் ஒரு சாந்தம்.

“அஞ்சு நிமிஷம் ஆடாம அசையாம நிப்பீங்களா?” என்று கேட்டார் அசிஸ்டென்ட்.

“அஞ்சு நிமிஷம் இன்னாத்துக்கு சார்? அரை ஷிப்ட் நிக்கச் சொல்லுங்க, நிப்பேன்.”

ஒரே ஒரு கிளிக். மதியத்துக்குள் அண்ணன் சுவரேறிவிட்டார். கதாநாயகி அன்றைக்கு அழுத அழுகையில் கிளிசரினே தேவைப்படவில்லை என்று அவர் சொல்வார். அதை நான் நம்பவில்லை என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்த எபிசோடு வந்த அன்றுதான் பிரச்சினை ஆரம்பித்தது. அண்ணனுடைய மனைவி பச்சையம்மா அண்ணிக்கு ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் பூக்கடை. கல்யாண மாலை கட்டுகிற கையால்தான் சாவு மாலையும் கட்டுவார். ஊரில் எந்த வீட்டில் யார் போட்டோவுக்கு எத்தனை முழம் என்பது அவருக்கு மனப்பாடம். அன்று சாயங்காலம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். எதிரே டிவி. டிவியில் தன் புருஷன், மாலையோடு, விளக்கோடு.

கூடை கீழே விழுந்தது. அண்ணி போட்ட கூச்சலில் மொத்த லைனும் ஓடியது. நானும் ஓடினேன். அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உள்ளே பாய்ந்தால், அவர் டிவிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார்.

“யோவ், உசுரோட குந்திகினு உனக்கு நீயே மால போட்டுகினியா? என் தாலி மேல உனக்கு அவ்ளோ வெறுப்பாய்யா?”

“நான் இன்னாடி பண்ணேன்? அது ஆக்டிங்!”

அண்ணி மிளகாயும் உப்பும் எடுத்து அவரைச் சுற்றி அடுப்பில் போட்டார். அந்த நெடியில் பக்கத்து நான்கு வீடுகள் தும்மின. அடுத்து அவரைத் தலைக்குக் குளிக்க வைத்தார். பிறகு டிவி பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் மால கட்டறவ நானு. என் புருஷன் கழுத்துல அதப் பாக்க என்னால ஆவாது. இந்த வூட்ல இனிமே அந்தச் சீரியல் ஓடக்கூடாது. நீ நடந்து வர மாதிரி, பேசற மாதிரி ஒரு வேஷம் கட்டு. அன்னிக்கு வந்து பாக்கறேன்.”

சரி, இதோடு விட்டுவிடுவோம் என்று அண்ணன் நினைத்திருந்தாலும் வழியில்லை. போட்டோ எடுத்தாகிவிட்டது. அவர் வேலையை விட்டாலும் அது வேலையை விடாது. தினமும் ஏழு மணிக்கு அது டூட்டிக்கு வந்துவிடும். ஆகவே தினமும் ஏழு மணிக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டில் பிடுங்கிய பிளக்குக்கு என் வீட்டில் காபிப்பொடி செலவானது.

அவரோடு சேர்ந்து அந்தச் சீரியலைப் பார்ப்பது ஒரு தனிப் பாடு. கதாநாயகி, மாமியார், வில்லன் யாரையும் அவர் கவனிக்க மாட்டார். பின்னால் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று என் தொடையில் தட்டுவார்.

“பாத்தியா தம்பி? மாமியார் கை ஓங்கறா. என் கண்ண பாரு. கோவம் தெரியுதா?”

“அண்ணா, அது போட்டோண்ணா.”

“போட்டோதான். அன்னிக்கு இதே மூஞ்சி, பொண்ணுக்குக் கல்யாணம் பேசறப்போ இன்னா சந்தோஷமா இருந்தது! அதே மூஞ்சில ரெண்டையும் காட்டணும். அதான்டா கஷ்டம்.”

கடைசியில் என் நிலைமையே மோசமாகிவிட்டது. ஒரு நாள் வில்லன் உள்ளே வரும்போது போட்டோ லேசாக முறைத்த மாதிரி எனக்கே பட்டது. கண் டாக்டரிடம் போய் வந்தேன்.

கண்டினியூட்டி என்று சினிமாக்காரர்கள் ஒன்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, முந்தின காட்சியில் இருந்த தலைமுடி அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று. அந்தச் சொல்லை எங்கேயோ பிடித்துக்கொண்டு அண்ணன் ஏழு வருஷம் மீசையை ஒரே அளவில் காப்பாற்றினார். ஆண்டர்சன்பேட்டை சலூனுக்குப் போகும்போதெல்லாம் போட்டோவின் நகல் ஒன்றைக் கையில் எடுத்துப் போவார். சலூன்காரர் ஒரு கண்ணை மூடி, அதையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கத்தரி நுனியால் வெட்டுவார். “சக்கத்தா கீதுண்ணா”, பிரமாதமாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். திருப்பதியில் அண்ணனுக்கு மொட்டை போடுவதாக அண்ணிக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. மலையேறியும் போய்விட்டார்கள். அண்ணன் வரிசையில் நின்றபடி, “சாமி, சீரியல் முடியட்டும், மொத்தமா தரேன்” என்று தவணை சொல்லிவிட்டுத் தலைமுடியோடு இறங்கி வந்தார். அண்ணி ஒரு மாசம் பேசவில்லை.

போட்டோ எதற்கு மீசை வளர்க்கும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

வெளியூரில் அவருக்கு இருந்த செல்வாக்கைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலை ரயிலில் நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். பங்காருபேட்டையில் ஓர் அம்மாள் பையோடு ஏறினார். எதிர் சீட்டில் அண்ணனைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டார்.

“தேவுடா! நீங்க அந்த ஏழு மணி அப்பாதான?”

அண்ணன் அடக்கமாகத் தலையை ஆட்டினார். அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்.

“அங்க உங்க பொண்ண மாமியார்க்காரி அந்தப் பாடு படுத்தறா. நீங்க இங்க ஜன்னல் சீட்ல குந்திகினு காத்து வாங்கறீங்களா? பெத்த மனசா இது?”

“நான் இன்னாமா பண்றது?” என்றார் அண்ணன், நிஜமான வருத்தத்தோடு. “நான்தான் செத்துட்டனே.”

அந்த அம்மாள் சமாதானம் ஆகவில்லை. பெங்களூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்து, இறங்கும்போது இரண்டு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

சினிமாவிலும் நடித்தார். அவருடைய போட்டோ எப்படியோ சாமான் வாடகைக்கு விடும் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாற்காலி, கட்டில், குத்துவிளக்கு, செத்த அப்பா என்று பட்டியலில் அவரும் வாடகைக்குப் போனார். கன்னடத்தில் ஒரு நீதிபதிக்கு அப்பா, தெலுங்கில் ஒரு ரவுடிக்கு அப்பா. ஒரு சண்டைப் படத்தில் கதாநாயகன் வில்லனைத் தூக்கிச் சுவரில் அடிக்க, போட்டோ கீழே விழுந்து கண்ணாடி சுக்குநூறானது. தியேட்டரில் அண்ணனை உட்கார வைக்க முடியவில்லை. டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு.

“டூப் போடல, தெரியுமா? நானேதான் வுழுந்தேன்.”

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அவர் மனசில் ஒரு முள் இருந்தது, எனக்குத் தெரியும். சீரியல் முடிந்து பாட்டு ஓடும்போது தன் வீட்டுப் பக்கம் பார்ப்பார். அங்கே அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து அடுத்த நாளைக்கு நார் கிழித்துக்கொண்டிருப்பார்.

“ஊரே பாக்குது தம்பி. பங்காருபேட்டைல ரயிலு ஏறி வந்து திட்றாங்க. வூட்ல ஒருத்தி பாக்க மாட்டேன்றா. இன்னா நடிச்சு இன்னா?”

ஏழாவது வருஷம் கதைக்காரர்களுக்குக் கதை தீர்ந்துவிட்டது. தீர்ந்தால் ஃபிளாஷ்பேக் போடுவார்கள். செத்துப்போன அப்பா உயிரோடு இருந்த காலத்தில், ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சோகமாக உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்துக் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். “ஊட்ட ஆய்த்தா மகளே?” சாப்பிட்டாயா மகளே, அவ்வளவுதான்.

போன் வந்த நாளிலிருந்து எங்கள் லைனில் ஒருவரும் நிம்மதியாகப் பல் விளக்க முடியவில்லை. குழாயடியில் நின்றால் பின்னால் ஒரு குரல், ஊட்ட ஆய்த்தா? வேலைக்குக் கிளம்பினால், ஊட்ட ஆய்த்தா? தெருநாய் ஒன்று இதை நம்பி மூன்று நாள் அவர் பின்னாலேயே அலைந்தது. அண்ணியிடமும் கேட்டாராம். “இன்னும் இல்லய்யா, நீ?” என்று அவர் திருப்பிக் கேட்டதும், ஸ்கிரிப்டில் அடுத்த வரி இல்லாததால் அண்ணன் திகைத்து நின்றுவிட்டாராம்.

ஷூட்டிங் அன்று எனக்கு லீவு. துணைக்கு நானும் போனேன். அண்ணன் புதுச் சட்டை, அதே மீசை. கதவைத் திறந்து வருவது, நாலடி நடப்பது, கேட்பது என்று ஒத்திகை அமர்க்களம். டைரக்டரே கை தட்டினார்.

பிறகு டேக். எல்லோரும் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்கான ஷூட்டிங் மணி ‘டிரிங்ங்’ என்று அடித்தது. கதவு திறந்தது. வாசலில் அண்ணன், இரண்டு கையும் உடம்போடு ஒட்டியபடி, பார்வை நேராக, மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றார். நடக்கவில்லை. பேசவில்லை.

“யஜமான்ரே, ஸ்வல்ப மூவ் ஆகி!” என்று, கொஞ்சம் நகரச் சொல்லி டைரக்டர் கத்தினார்.

கட் என்றதும் அண்ணன் ஜம்மென்று நடந்து வந்தார். மறுபடி மணி, மறுபடி சிலை. பதினோரு டேக். ஏழு வருஷம் சுவரில் தொங்கி இந்த ஆளுக்குப் பழகிவிட்டது என்று லைட்மேன் சிரித்தார். வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று டைரக்டர் யார் காதையோ கடித்தார். அண்ணன் காதிலும் அது விழுந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது.

தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன். “இன்னாண்ணா ஆச்சு?”

“மணி அடிக்குது தம்பி. மணி அடிச்சா எப்படிரா நடக்கறது? கேஜ்ல ஏறி மணி அடிச்சிட்டாங்கன்னா கை காலு ஆடக்கூடாதுடா. ஆட்னா ஷாஃப்ட் சொவத்துல தேச்சுகினு பூடும்.”

அட கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். கேஜ் என்பது ஷாஃப்ட்டில், அதாவது ஆழமான சுரங்கக் குழியில், ஆட்களை இறக்கும் இரும்புக்கூண்டு. மணி அடித்தால் கூண்டு இறங்கப்போகிறது என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்து தினமும் அந்த மணிக்கு உறைந்து நின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்ட உடம்பு அது. டைரக்டர் சொன்னால் கேட்குமா?

டைரக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, “பிரேக்!” என்று சத்தமாகச் சொன்னார். கேமராமேனுக்கு மட்டும் கண்ணைக் காட்டினார். மணி அடிக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து அண்ணன் தொங்கிய தலையோடு உள்ளே நடந்து வந்தார். சோபாவில் மகளாக நடிக்க வந்த சின்னப் பெண் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. இவருடைய பதினோரு டேக்கில் பாவம், அதற்கும் மதியச் சாப்பாடு போய்விட்டது. அண்ணன் பக்கத்தில் போனார். தன்னால் ஒரு பிள்ளை பட்டினி என்கிற கூச்சத்தில் மெல்லக் கேட்டார்.

“ஊட்ட ஆய்த்தா மகளே?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டியது. கண் கலங்கிவிட்டது. “ஓகே!” என்று டைரக்டர் துள்ளிக் குதித்தார். அண்ணன் திரும்பி, “எப்ப சார் மணி அடிச்சீங்க?” என்றார்.

ரயிலை விட்டு இறங்கியதும் நேரே ஆண்டர்சன்பேட்டை பூக்கடைக்குப் போனோம்.

“பச்ச, நடக்கறேன்டி. பேசறேன். வெள்ளிக்கிழம ஏழு மணிக்கு.”

அண்ணி கட்டிக்கொண்டிருந்த கதம்பத்தை மடியில் வைத்தார். “மால?”

“இல்ல.”

“வெளக்கு?”

“ஒன்னும் இல்ல. மாரியம்மா மேல சத்தியம். நீ அதப் பாக்க வேண்டியதே இல்ல. நீ பாக்காத மாதிரி நான் பாத்துக்கறேன், போதுமா?”

வெள்ளிக்கிழமைதான் பூ நன்றாக விற்கும் நாள். அண்ணி அன்று ஆறு மணிக்கே சாக்கைப் போட்டுக் கடையை மூடிவிட்டு வந்தார். குளித்து, தலையில் நாலு முழம் மல்லிகை வைத்து, என் வீட்டு டிவிக்கு எதிரே முதல் ஆளாக உட்கார்ந்தார். பின்னால் லைன் முழுக்கத் திரண்டிருந்தது. ஜன்னலிலும் தலைகள். அண்ணன் உட்காரவே இல்லை. டிவியைப் பார்க்காமல் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

வந்தது. கதவு திறந்தது. அண்ணன் நடந்து வந்தார். குரல் அவருடையது இல்லை, யாரோ கனத்த குரல்காரரைப் பேச வைத்திருந்தார்கள். அதனால் என்ன, விசில் பறந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல. “நடக்குதே, அய்ய, எம்மாம் சோக்கா நடக்குது பாரு” என்று யாரிடமோ சொன்னார்.

அண்ணனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவர் நடித்தது அவ்வளவுதான். ஆனால் ஃபிளாஷ்பேக் என்றால் முடியும். முடிந்தால் எங்கே வரும்? டிவியில் படம் மங்கித் தெளிந்தது. இப்போதைய கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே கூடம். மெதுவாகத் தலையை நிமிர்த்திச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

ஏழு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்தவர் அண்ணன். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது. “அய்யோ!” என்று ஒரே பாய்ச்சல். அந்த வயசில் அவரிடம் அவ்வளவு வேகம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. காபி டம்ளர் ஒன்று உருண்டது. டிவிக்கும் அண்ணிக்கும் நடுவே போய், இரண்டு கையையும் அகல விரித்து, முதுகால் மொத்த டிவியையும் மறைத்துக்கொண்டு நின்றார். மூச்சிரைத்தது. சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்து தொங்கியது.

“பாக்காத பச்ச. கண்ண மூடிக்கோ.”

தன்னைப் பார்க்கச் சொல்லி ஊரெல்லாம் ஏழு வருஷம் நச்சரித்த மனிதர், தன்னையே மறைத்துக்கொண்டு நின்றார்.

பின்வரிசையில் ஒருவர் கத்தினார். “ணா, நவுருண்ணா, மறைக்குது!”

அண்ணி திரும்பவில்லை. கண்ணையும் மூடவில்லை. வியர்த்துக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு நின்றவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

“இன்னா மறைக்குது? எனக்கு நல்லாதான் தெரியுது. நீ அங்கயே நில்லுய்யா.”

பாட்டு ஓடி, விளம்பரம் வந்து, செய்தி ஆரம்பிக்கும் வரை அண்ணன் அங்கேயே நின்றார். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சீரியல் இன்னும் ஓடுகிறது. போட்டோவும் தினம் வருகிறது. அது வரும் நேரத்தில் இப்போதெல்லாம் நானும் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுகிறேன். எங்கள் அண்ணன் கழுத்தில் மாலையைப் பார்க்க எனக்கும் மனசு வருவதில்லை.